காய்ந்த குளத்தில் செருப்பைக் கழற்றியவள்

எனானு குளத்துக்குள் இறங்குமுன் செருப்பைக் கழற்றி மேல்படியில் வைப்பாள். குளத்தில் சொட்டுத் தண்ணீர் இருக்காது. வருஷத்தில் பதினோரு மாதம் அது வெறும் கல்தரை. இலையும் பறவை எச்சமும் கூட்டத்தான் அவள் இறங்குவாள். வெயிலில் கல் கொதித்தாலும் வெறுங்கால்தான். குளத்தின் மதில் வாசலுக்கு எதிரே காப்பி விற்கும் நான் பத்தொன்பது வருஷம் இதைப் பார்த்திருக்கிறேன்.

வழிகாட்டி அபெபாவ் சீண்டுவான். "காஞ்ச கல்லுக்கு எதுக்குக்கா இந்த மரியாதை?"

"வருஷத்துக்கு ஒருநாள் ஆண்டவர் இங்க வர்றார். வீட்டுக்குச் சொந்தக்காரர் ஊர்ல இல்லேன்னா வீட்டுக்குள்ள சேத்துக் காலோட நடப்பியா?"

"எனக்கு வீடே இல்லையேக்கா."

"அதான் பொண்ணும் கிடைக்கல."

எங்கள் கோந்தர் ஊருக்கு வருகிறவர்கள் ராஜாக்களின் கோட்டையைப் பார்த்துவிட்டு இங்கே வருவார்கள். நடுவில் இருக்கும் சின்ன மாளிகையையும், சுவரைக் கவ்விப் பிடித்த மரவேர்களையும் படம் எடுப்பார்கள். "தண்ணீர் எங்கே?" என்று கேட்பார்கள். ஆண்டவர் ஞானஸ்நானம் பெற்றதைக் கொண்டாடும் திம்கத் திருநாளுக்கு மட்டுந்தான் குளத்தை நிரப்புவோம். விடிகாலையில் குருமார் ஜெபித்துச் சிலுவையை நனைத்த பிறகு ஊரே அதில் குதிக்கும். போத்தலில் பிடித்து வீட்டுக்கும் கொண்டுபோவோம். குளத்தில் தண்ணீர் நின்றால் எங்களுக்கு அது தீர்த்தம். வேறு தண்ணீர் அதில் நின்று யாரும் பார்த்ததில்லை.

எனானுவின் கணவன் சண்டைக்குப் போனவன், திரும்பவில்லை. இரண்டு பெண்களையும் இந்தக் கூட்டுகிற வேலையை வைத்துத்தான் படிக்க வைத்தாள். மூத்தவள் அப்போது நர்சுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வேலை போனால் அந்தப் படிப்பும் போகும். அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

இரண்டு வருஷத்துக்கு முன், திம்கத் முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மூன்று வாரமாக எங்கள் தெருக்குழாயில் தண்ணீர் இல்லை. லாரித் தண்ணீருக்காக மஞ்சள் கேன்களோடு பெண்கள் வரிசையில் நின்றோம். அப்போதுதான் கெத்னெத் என்ற சுற்றுலா அதிகாரி வந்து, குளத்தை நிரப்பச் சொன்னான். வெளிநாட்டிலிருந்து பெரிய பயண முகவர்கள் வருகிறார்களாம். காய்ந்த குளத்தைக் காட்டினால் ஊருக்கு ஆள் வராதாம். பக்கத்தில் இருக்கும் கஹா ஆறு அந்த மாதம் ஓடாது, தேங்கிக் கிடக்கும். சோப்பு நுரையும் கறிக்கடைக் கழிவும் மிதக்கும் அந்த மிச்சத்தை மோட்டார் வைத்து இழுத்தார்கள். ஐந்து நாளில் குளம் பச்சையாக நிரம்பியது.

"குருமாரைக் கேட்டீங்களா சார்?" என்றாள் எனானு.

"கூட்டுற வேலையைப் பாரும்மா."

வாசல் வழியாகத் தண்ணீரைப் பார்த்தவர்கள் ஊருக்குள் போய்ச் சொன்னார்கள். முகவர்கள் வந்த காலையில் வெள்ளைத் துணி போர்த்திய பெண்கள் முந்நூறு பேராவது வந்துவிட்டார்கள், கையில் போத்தல்களோடு. ஆயர் ரகசியமாக ஜெபித்திருக்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். கெத்னெத்துக்கு வாயெல்லாம் பல். எல்லாரையும் உள்ளே விடச் சொன்னான். படத்துக்கு நன்றாக இருக்குமாம்.

எனானு அவனிடம் போனாள். நான் காப்பிக் கோப்பைகளோடு பக்கத்தில்தான் நின்றேன்.

"சார், இவங்க தீர்த்தம்னு நினைச்சு வந்திருக்காங்க. குடிப்பாங்க."

"நீ சொன்னியா தீர்த்தம்னு? நான் சொன்னேனா? அவங்களா நினைச்சுக்கறாங்க. நம்பிக்கையில நீ ஏன் தலையிடற?"

"குடிச்சா வயித்தால போகும் சார்."

"வாயைத் திறந்தா நாளைக்கு வேலைக்கு வராதே. அவ்வளவுதான்."

அவள் சுவரோரம் போய் நின்றாள். என் தெருவில் இருக்கும் ஷிதாயே படியிறங்கி வந்தாள். இடுப்பில் அவள் பெண் குழந்தை, நாலு நாள் காய்ச்சலில் துவண்டு கிடந்தது. ஷிதாயே உள்ளங்கையில் தண்ணீரை அள்ளி, குழந்தையின் வாயருகே கொண்டுபோனாள். எனானு ஓடிப்போய் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"என்னடி, தீர்த்தத்தைத் தட்டிவிடறே? உனக்குப் பேய் பிடிச்சிருக்கா?"

"இது தீர்த்தம் இல்ல ஷிதாயே. ஜெபிக்கவே இல்ல. மோட்டார் வச்சு ஆத்துச் சாக்கடையை இழுத்து விட்டிருக்காங்க. நான் கண்ணால பார்த்தேன்."

பிறகு எனானு திரும்பி, எல்லாருக்கும் கேட்கும்படி அதையே சொன்னாள். போத்தல்களை நிரப்பியவர்கள் கவிழ்த்துக் கொட்டினார்கள். ஒரு கிழவி கெத்னெத்தின் முன்னால் போய், "உன் தாய்க்கு இதைக் கொடுப்பியாடா?" என்று கேட்டுவிட்டு, அவன் ஷூவின் மேல் போத்தலைக் கொட்டினாள். முகவர்கள் அதையும் படம் எடுத்தார்கள்.

மறுநாள் எனானுவுக்கு வேலை இல்லை. விருந்தாளிகள் முன்னால் ஊரை அவமானப்படுத்தினாளாம். விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். அன்று கெத்னெத்திடம் அவள் முன்பே எச்சரித்ததையும் அவன் மிரட்டியதையும் கேட்டாயா என்றார்கள். காப்பிக்கடை போய்விடும் என்று பயந்து, கேட்கவில்லை என்றேன். கெத்னெத் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. என் வாய் மேல் உள்ள கோபம் அதைவிடப் பெரிது.

குளத்தை நிரப்பச் சொன்னவனுக்குப் பதவி உயர்வு கிடைத்தது. எனானுவின் மூத்த பெண் படிப்பை விட்டுவிட்டு ஓட்டலில் துணி துவைக்கிறாள். எனானு என் கடைக்குப் பக்கத்தில் வறுத்த பார்லி விற்கிறாள். அந்தப் பொய்யைச் சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரியும். காலையில் எனக்கு ஒரு பிடி பார்லி தருகிறாள், பேசுவதில்லை. குளம் காய்ந்து கிடக்கிறது. புது ஆள் பூட்ஸோடு இறங்கிக் கூட்டுகிறான்.