முதலாளி விற்ற மீன்தொட்டியும் ஆடி மாத ஒப்பந்தமும்

பழைய மீன்தொட்டி வியாபாரத்தில் புதிதாக இருப்பது தண்ணீர் ஒன்றுதான். குமாரபாளையத்தில் அதுவும் என்றைக்கு வரும் என்று சொல்ல முடியாது.

விசைத்தறித் தொழிலாளர் சங்கத்திலேயே என் ஆயுளில் பாதி போயிற்று. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். துண்டறிக்கைகளைப் படித்துத்தான் எழுத்துக் கற்றேன். பிறகு துண்டறிக்கை எழுதியே பல முதலாளிகளின் தூக்கத்தைக் கெடுத்தேன். சங்கம் இரண்டாக உடைந்தபோது இரண்டு பிரிவுமே என்னை ஆலோசகர் ஆக்கின. ஆலோசகர் என்றால் மாலை போடுவார்கள், கூட்டத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். சும்மா இருக்கத் தெரியாமல் வீட்டு முன்னறையில் கடை போட்டேன். பழைய தொட்டி, பழைய மோட்டார், பழைய விளக்கு, இவற்றுக்கு நடுவே பிழைத்துக் கிடந்தால் மீன். இதையெல்லாம் வாங்கி அவதிப்பட்டவர்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை.

மீன்கள் வரிசையாகச் செத்தன. என் மனைவி சரசு கொஞ்ச நாள் பொறுத்தாள். ஆடி பிறந்த அன்று நிபந்தனை வைத்தாள். தெருக்கோடித் தையல்காரர் முன்னறையை வாடகைக்குக் கேட்கிறார். ஆடி முடிகிறவரை கடையில் ஒரே ஒரு தொட்டியிலாவது ஒரு மீனும் சாகாமல் இருந்தால் அறை எனக்கு, செத்தால் தையல்காரருக்கு. பேச்சுவார்த்தை மேசையில் நான் இவ்வளவு தெளிவான நிபந்தனையைக் கண்டதில்லை. உடனே ஒப்புக்கொண்டேன். எந்தத் தொட்டி என்பதை மட்டும் நான் தேர்ந்தெடுத்தேன். தவறு அங்கேதான் தொடங்கியது.

கேட்டதைக் கொடுத்தவர்

எங்கள் ஊரில் ஒரு தறிப்பட்டறை முதலாளி இருந்தார். ஒவ்வொரு தீபாவளிக்கும் போனஸ் பேச அவருடைய அறைக்குப் போவோம். நாங்கள் கோரிக்கையைப் படிக்கப் படிக்க, அவர் பக்கத்திலிருந்த பெரிய தொட்டியில் மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டிருப்பார். எங்களைவிட அந்த மீன்களுக்குத்தான் அவர் அதிகம் காது கொடுத்தார். போன வருடம் பட்டறையை மூடி அறைச் சாமான்களை விற்றார். அந்தத் தொட்டியை நானே வாங்கினேன். வர்க்கப் போராட்டத்தில் கைப்பற்றிய பொருள் போல அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஆறு தங்கமீன்களை விட்டு, இதுதான் ஒப்பந்தத் தொட்டி என்று சரசுவிடம் அறிவித்தேன்.

மறுநாள் காலை அறை முழுக்க ஈரம். மாதக்கணக்கில் தண்ணீர் இல்லாமல் காய்ந்து கிடந்த தொட்டியில் மூலைப் பசை வெடித்துவிடும். வாசலில் வைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் நிரப்பிப் பார்க்காமல் எந்தப் பழைய தொட்டியையும் உள்ளே கொண்டுவராதீர்கள். மீன்களை ஒரு டிரம்முக்கு மாற்றிவிட்டு நியாயம் கேட்கப் போனேன். முதலாளி சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை. “அத்தன வருசமா நீங்க கேட்டதை நான் குடுக்கலீன்னு கோவப்பட்டீங்க. இப்பக் கேட்டதைக் குடுத்தனுங்க தோழரே, அதுக்கும் கோவமா?”

சத்தம் போடாத மோட்டார்

பசையைச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் பூசி, காய வைத்து, அந்த ஆறு பேரையும் திரும்பக் குடியேற்றினேன். அப்புறம் காற்று மோட்டார் கத்த ஆரம்பித்தது. அதுவும் பழையதுதான்; அடியில் வெடித்திருந்த ரப்பரை மாற்றினால் போதும். முதலில் இந்தச் சத்தத்தை நிறுத்த வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு டீ வாங்கப் போனேன். அப்போது என் கடையில் மாரப்பன் உட்கார்ந்திருந்தான். தறி ஃபிட்டர், என்னோடு ஒரே போராட்டத்தில் உள்ளே போனவன், சங்கம் உடைந்தபோது அந்தப் பக்கம் போனவன். ஆனாலும் தினமும் டீக்கு இந்தப் பக்கம்தான் வருவான்.

தறிக்காரனுக்கு எந்த இயந்திரம் கத்தினாலும் எண்ணெய் கேட்கிறது என்றுதான் அர்த்தம். நான் திரும்புவதற்குள் மோட்டாரைத் திறந்து, பையிலிருந்த தறி எண்ணெயைத் தாராளமாக விட்டிருந்தான். மோட்டார் அடங்கிப் பூனைபோல் உறுமியது. குழாய் வழியே காற்றோடு எண்ணெயும் போய்த் தண்ணீர் மேல் ஏடு கட்டியது. ஆறு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து மூடின. நான் அவற்றை அள்ளி அள்ளி டிரம்மில் போட்டு எப்படியோ காப்பாற்றினேன். மாரப்பன் டீயை ஆற்றியபடி பார்த்துக்கொண்டிருந்தான். “மோட்டார் சத்தத்தை நிறுத்தோணும்னுதானுங்கண்ணா சொன்னீங்க. மீனைப் பத்தி ஒண்ணுமே சொல்லலீங்களே.”

நிற்கத் தெரியாத ஹீட்டர்

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர் ஒருவர் தலை புடைத்த ஃபிளவர்ஹார்ன் மீன் வாங்க வந்தார். வீட்டில் வைத்தால் யோகம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஏதோ ஒரு பழைய தொட்டியோடு என்னிடம் வந்து கிடந்த ஹீட்டரும் வேண்டும் என்றார். நம் ஊர் வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று கேட்டேன். சிவப்பு விளக்கு எரிவது அழகாக இருக்கிறதாம். சூடு போதும் என்றால் ஹீட்டர் தானாக நின்றுகொள்ள வேண்டும். அந்த ஹீட்டருக்கு நிற்கத் தெரியவில்லை, ஓவர்டைம் பார்த்தது. ஒரு வாரத்தில் மீன் வெந்துவிட்டது.

செய்தி கேட்டு நானே பஸ் ஏறிப் போனேன், வேறு மீன் தருவதாகச் சொல்ல. மனிதர் முகம் மலர்ந்து வரவேற்றார். அதே வாரம் அவருடைய வண்டி வடக்கே எங்கோ பள்ளத்தில் இறங்கி, ஆட்களுக்குக் கீறல் இல்லாமல் தப்பித்திருக்கிறது. வீட்டுக்கு வந்த கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டு போய்விட்டதாம். நான் விடவில்லை. மூடநம்பிக்கை எப்படி மனிதனின் கண்ணை மறைக்கிறது என்று தொடங்கி, கண்டமும் இல்லை, தெய்வமும் இல்லை, கொன்றது என் ஹீட்டர்தான் என்று ஆதாரத்தோடு நிரூபித்தேன். மேடையில்கூட அவ்வளவு நன்றாகப் பேசியதில்லை. கடைசிவரை கவனமாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அப்ப இன்னொரு மீனு மட்டும் குடுங்க சாமி, ஹீட்டரு அதேதான் இருக்கோணும்.”

கண்டனத் தீர்மானம்

ஃபைட்டர் ஆண் மீன்கள் இரண்டை ஒரே தொட்டியில் நடுவே கண்ணாடித் தடுப்பு வைத்து வளர்த்தேன். தடுப்பும் வேறு ஏதோ தொட்டியிலிருந்து வந்ததுதான். இரண்டு விரல் உயரம் குறைவு. இரண்டும் நாள் முழுக்கச் செவுளை விரித்து ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. ஒரு நாள் மதியம் ஒன்று தாவி அந்தப் பக்கம் போய்விட்டது. பார்ப்பதற்குள் இரண்டுக்கும் துடுப்பு நார்நாராகக் கிழிந்திருந்தது. மாரப்பன் வழக்கம்போல் டீயோடு நின்றான். இதைத்தானப்பா ஒற்றுமை இல்லாவிட்டால் வரும் கேடு என்று அத்தனை வருடமாகத் தொண்டை கிழியச் சொன்னேன் என்றேன். அவன் குனிந்து தொட்டியை உற்றுப் பார்த்தான். “தாண்டுனது எந்தப் பக்கத்து மீனுங்கண்ணா? அது தெரியாம நான் யாரையும் கண்டிக்க முடியாதுங்க.”

நோயாளிகள்

ஆடி கடைசி வெள்ளி வரை ஒப்பந்தத் தொட்டியில் ஆறு மீனும் உயிரோடு இருந்தன. நான் தெருவில் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தியே நடந்தேன். அன்று பஞ்சாயத்து ஒன்றுக்காக வெண்ணந்தூர் போயிருந்தேன். சரசு ஆடி வெள்ளிக்கு வீடு கழுவினாள். வாசல், நிலைப்படி, சாமி படம் எல்லாம் முடித்தவள், தொட்டிக்குள் ஃபில்டர் பஞ்சு அழுக்காக இருப்பதைப் பார்த்திருக்கிறாள். எடுத்துத் துணி சோப்புப் போட்டு, கல்லில் அடித்துத் துவைத்து, வெள்ளை வெளேரென்று திருப்பி வைத்துவிட்டாள். அந்த அழுக்கில்தான் தண்ணீரைக் கெடாமல் காக்கும் கிருமிகள் இருக்கின்றன என்பதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. ஊருக்கெல்லாம் விளக்கம் சொன்னவன், வீட்டில் சொல்லவில்லை.

நான் திரும்பியபோது தண்ணீர் நுரைத்திருந்தது. ஒரு மீன் மிதந்தது. மற்றவை துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தன. நிபந்தனைப்படி நான் தோற்றுவிட்டேன். இது நாசவேலை, ஒப்பந்தம் செல்லாது என்று ஆரம்பித்தேன். சரசு பழைய தண்ணீரைச் சொம்பால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினாள். முந்தின நாளே பிடித்து வைத்த டிரம் தண்ணீரைச் சுவரோரமாக, மீன்கள் மேல் படாமல், மெல்ல விட்டாள். விடிந்ததும் எனக்குக் காபி போடும் முன் தொட்டியருகில்தான் போய் நின்றாள். ஒரு மீன் லேசாகப் புரண்டு நீந்தியதும், “இவன் எந்திரிச்சுட்டானுங்க” என்று உள்ளே குரல் கொடுத்தாள். எதிர்த்தரப்பு தானாக இறங்கி வரும்போது பேசக் கூடாது என்ற பாடத்தை அந்த வயதில் கற்றேன்.

ஆடி முடிந்த அன்று தையல்காரர் இஞ்சு டேப்போடு அறையை அளக்க வந்தார். நான் தோல்வியை நாகரிகமாக ஏற்றுக்கொள்ள நாலு வாக்கியம் தயார் செய்துவைத்திருந்தேன். அதற்குள் சரசு ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாசலை மறித்து நின்றாள். “வேற எடம் பாத்துக்குங்க சாமி, உள்ள அஞ்சு நோயாளிங்க இருக்கறாங்க.”

காலமெல்லாம் கொடி பிடித்து, கோஷம் போட்டு, சிறைக்கும் போய்வந்த எனக்குக் கிடைத்த ஒரே முழு வெற்றி, எதிர்த்தரப்பு ஒரு பஞ்சுக்குச் சோப்புப் போட்டதால் கிடைத்தது.