மேல்வீட்டு மசாலா

கோலாலம்பூருக்கு வந்த புதிதில், இந்த ஊர்க்காரர்கள் மசாலாவின் மேல் வைத்திருந்த பற்றைப் பார்த்து அசந்துபோனேன். பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். கேட் அட்டை வேலை செய்யாமல் நான் திணறும்போதெல்லாம் எட்டிப் பார்த்து, "காக், அடா மசாலா?" என்பார். சிம் கார்டு வாங்கப் போனால் கடைக்காரர் சிரித்த முகத்தோடு, "தாக் அடா மசாலா" என்று சொல்லி அனுப்புவார். வங்கியிலும் மசாலா, ரயில் நிலையத்திலும் மசாலா. 'காக்' என்றால் அக்கா, 'அடா' என்றால் இருக்கிறது, 'தாக்' முன்னால் வந்தால் இல்லை என்பதையெல்லாம் பாசார் என்கிற சந்தையில் மீன் வாங்கியே கற்றுக்கொண்டிருந்தேன். மசாலாவை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. தெரியாத வார்த்தையைத்தானே கேட்போம்? ஒருநாள் காவலாளியிடம் பையைத் திறந்து, கரூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பி, அன்றுதான் என் கைக்கு வந்து சேர்ந்திருந்த கறிமசாலாப் பொட்டலத்தையே எடுத்துக் காட்டிவிட்டேன். மனிதர் பொட்டலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கேட்டைத் திறந்துவிட்டார். அன்றிலிருந்து நான் தூரத்தில் வந்தாலே கேட் திறந்துகொண்டது. பரவாயில்லையே, மசாலாவுக்கு இங்கே இவ்வளவு மரியாதையா என்று பெருமையாக இருந்தது.

இப்படி மரியாதையோடு வாழ்ந்துகொண்டிருந்த என் சமையலறைக்குள் ஒருநாள் மழை பெய்ய ஆரம்பித்தது. காலையில் அடுப்பைப் பற்றவைத்தால், நேர் மேலே கூரையிலிருந்து சொட், சொட் என்று தண்ணீர். தோசைக்கல்லில் விழுந்து சுர்ரென்று ஆவியாகும். குடியிருப்பு அலுவலகத்தில் போய்ச் சைகையும் ஆங்கிலமுமாகச் சொன்னேன். "நந்தி, நந்தி" என்றார்கள். நந்தி என்றால் 'பிறகு' என்று என் கணவர் செந்தில் விளக்கினார். சாமியைப் பார்க்கவிடாமல் குறுக்கே உட்கார்ந்திருக்கும் அதே நந்திதான் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன். வீட்டு உரிமையாளர் கிள்ளானில் இருக்கும் தமிழர். அவருக்குப் போன் போட்டால், "பாப்போம் லா ம்மா, டென்ஷன் ஆவாதீங்க" என்பார். பார்க்கவும் மாட்டார், என் டென்ஷனும் குறையாது. கூரையில் கறை மட்டும் நாளுக்கு நாள் அகலமாகிக்கொண்டே போனது.

கரூரில் இதெல்லாம் ஒரு காரியமா? மாடிவீட்டுத் தண்ணீர் நம் தலையில் சொட்டினால், தெருவில் இறங்கி நின்று இடுப்பில் கையை வைத்து, "ஏனுங்க, கீழ மனுசங்க இருக்கறது கண்ணுக்குத் தெரியலீங்களா?" என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். தெருவே கூடும். முதலில் சண்டை, அப்புறம் குழாய்க்காரர், அப்புறம் மாடிவீட்டிலேயே காப்பி. மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்து, சாயங்காலம் பழையபடி சிரித்துப் பேசிக்கொண்டிருப்போம். இங்கே யாரும் குரலை உயர்த்துவதில்லை. எல்லோரும் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்களோடு எப்படிச் சண்டை போடுவது? ஆகவே என் தமிழ் புரிகிற ஒரே ஆளோடு, அதாவது செந்திலோடு, தினமும் போட்டேன். கரூரில் பதினொன்றாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள் நான். வேலையை விட்டுவிட்டு இவருக்காக இங்கே வந்து, நாள் முழுக்கப் பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல், ஒரு சொட்டுத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் தட்டை ணங்கென்று வைத்துவிட்டு, "தீபாவளிக்குள்ள இது நிக்கலைன்னா டிக்கெட் போட்டுருங்க. நான் ஊருக்கே போயிடறேன். வேலையத் திரும்பக் கேட்டா குடுப்பாங்க" என்று சொல்லிவிட்டேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போனால் திரும்பி வரமாட்டேன் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

செந்தில் அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட ஒரு வாளியும், எனக்கு ஒரு தியான வகுப்பும் ஏற்பாடு செய்தார்.

வகுப்பு, பூக்கடைகள் இருக்கும் தெருவில் ஒரு கடைக்கு மேலே, சனிக்கிழமை காலையில் நடந்தது. நடத்தியவர் பொன்னுத்துரை அங்கிள். யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பாதி ஆங்கிலமும் பாதி யாழ்ப்பாணத் தமிழுமாகப் பேசுவார். "பிள்ளை, பிரச்சினையைப் பாராதையும். அது எங்கேயும் ஓடிப்போகாது. கண்ணை மூடி, மூச்சைக் கவனியும். மனம் அடங்கினாப் பிறகு தீர்வு எந்தப் பக்கம் கிடக்குது எண்டு பாரும்." எனக்குச் சுருக்கென்றது. கேள்வியை மூன்று தடவை படிக்காமல் பேனாவைத் தொடாதே என்று வருஷக்கணக்காகப் பிள்ளைகளைத் திட்டியவள் நான். கேள்வியையே பார்க்காமல் விடையைப் பார் என்றால் என்ன அர்த்தம்? எழுந்து கேட்டேவிட்டேன். அங்கிள் கொஞ்சம் யோசித்து, "நீர் கேள்வியை எத்தினை தரம் வாசிச்சனீர்?" என்றார். மூன்று மாதமாக வாசிக்கிறேன் என்றேன். "அப்ப மனப்பாடம் ஆகியிருக்கும். இனி வாசியாதையும்" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் குறட்டை கேட்டது. தியானம் ஆழமாகப் போய்விட்டது என்று பக்கத்திலிருந்த பரமேஸ் அக்கா கண்ணைச் சிமிட்டினார்.

பரமேஸ் அக்கா கிள்ளானில் பிறந்து வளர்ந்தவர். வாராவாரம் ரயிலேறி வகுப்புக்கு வருவார். எங்கள் ஊரில் 'தண்ணி' என்றால் வேறு அர்த்தம். இவர் வகுப்பு முடிந்ததும் என் தோளில் கை போட்டு, "வா, தண்ணி அடிச்சிட்டுப் போவோம் லா" என்றார். பகீரென்றது. போய்ப் பார்த்தால் தே தாரிக், நுரை பொங்க ஆற்றிய பால் டீ.

கண்ணை மூடினால் எனக்கு மூச்சு தெரியவில்லை. கூரைக் கறைதான் தெரிந்தது. இரண்டாவது வாரமும் கறை. அதற்கடுத்த வாரம் கறையைப் பார்த்துப் பார்த்து அலுத்து, அங்கிள் சொன்னபடி அதை விட்டு மேலே பார்த்தேன். மேலே என்ன இருக்கிறது? சிமெண்ட். சிமெண்டுக்கு மேலே? அடக் கடவுளே, ஒரு வீடு இருக்கிறது! அலுவலகம், கிள்ளான், செந்தில், கரூரில் அம்மா என்று எல்லா இடத்திலும் முறையிட்டவள், ஒரு மாடி ஏறி அந்தக் கதவைத் தட்டவேயில்லை. காரணமும் அப்போதே தெரிந்துவிட்டது. பயம். மலாய் பேசத் தெரியாத பயம், தப்பாகப் பேசிச் சிரிப்பார்களோ என்கிற பயம். வகுப்பு எடுத்தால் மைதானம் வரைக்கும் கேட்கிற குரல் எனக்கு. அது இங்கே வந்து அடங்கிப்போனதை நினைத்தபோது அழுகையும் வந்தது, என்மேலேயே கோபமும் வந்தது. அங்கிளின் குறட்டைக்கு நடுவே எழுந்து வீட்டுக்கு நடந்தேன்.

மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். தலைத்துண்டைச் சரிசெய்தபடி ஒரு மலாய் அம்மாள் திறந்தார். என் முகத்தைப் பார்த்ததும் கனிவோடு, "யா, டிக்? அடா மசாலா?" என்றார். 'டிக்' என்றால் தங்கச்சி, அதுவும் பாசாரில் கற்றதுதான்.

நான் பேச வந்ததெல்லாம் அந்தக் கணமே மறந்துவிட்டது. யாரும் எதுவும் கேட்காத ஊரில் ஒருத்தர் என்னிடம் ஒரு பொருளைக் கேட்கிறார், அதுவும் என்னிடம் இருக்கிற பொருளை! "அடா, அடா! பாஞாக்!" என்றேன். இருக்கு, இருக்கு, நிறைய. கையை அகல விரித்தும் காட்டினேன். பாசாரில் கற்ற மிச்ச மலாயையும் செலவழித்து, "டாரி இந்தியா! டாரி அம்மா!" என்றேன். இந்தியாவிலிருந்து, அம்மாவிடமிருந்து. அவருக்கு முகம் வாடிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "சபார், டிக், சபார்" என்றார். சபாஷ் என்கிறார் என்று எடுத்துக்கொண்டு கீழே ஓடினேன். என் கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் டப்பாவில், 'செ. கவிதா, கரூர்' என்று பேர் வெட்டிய டப்பாவில், கறிமசாலாவைத் தலைதட்டக் கொட்டி எடுத்துப்போய்க் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து வாளியைக் காலி செய்யும்போதுதான், போன காரியத்தைச் சொல்லவேயில்லை என்பது உறைத்தது.

மறுநாள் டப்பா திரும்பி வந்தது, உள்ளே தேங்காயும் பாண்டான் இலை வாசமுமாக ஒரு பச்சைப் பலகாரத்தோடு. நம் வீடுகளில் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கும் வழக்கம் உண்டா? முறுக்கு சுட்டுப் போட்டு அனுப்பினேன். அவர் ரெண்டாங் என்று ஒரு கறி அனுப்பினார். நான் அதிரசம் அனுப்பினேன். டப்பா மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. இதற்கு நடுவில், உங்கள் வீட்டுத் தண்ணீர் என் அடுப்பில் விழுகிறது என்று எந்த வாயால் சொல்வது? அவர் ரெண்டாங்கைத் தின்ற வாயாலா? பெயர் காக் யா என்று தெரிந்துகொண்டேன். என்னைக் கண்டால் கன்னத்தைத் தடவுவார், கண் கலங்குவார். இப்படியும் பாசமான மனுஷியா என்று உருகிப்போனேன். தீபாவளி நெருங்கிக்கொண்டிருந்தது. "டிக்கெட் பாக்கட்டுமா?" என்று செந்தில் தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். நான் வாளியைக் காலி செய்யப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை அங்கிளுக்கு ஒரு புது யோசனை. அவரவர் பிரச்சினையை ஒரே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுக் கண்ணை மூட வேண்டும். பரமேஸ் அக்கா ஆரம்பித்தார்: "எனக்கும் மருமவளுக்கும் டெய்லி மசாலா லா அங்கிள். காலையில ஏந்திரிச்சா மசாலா, ராத்திரி படுக்கற வரைக்கும் மசாலா." மாமியாரும் மருமகளும் சேர்ந்து அரைக்கிறார்களா, என்ன ஒற்றுமை என்று நான் மகிழ்ந்தேன். அங்கிள் தலையை ஆட்டி, "சரி, அந்த மசாலாவை விடும், சொலூஷனைப் பாரும்" என்றார். எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும் மூடினேன்.

மூடிய கண்ணுக்குள் காவலாளி வந்தார், கையில் என் பொட்டலத்தோடு. சிம் கார்டுக் கடைக்காரர் வந்தார். வங்கிக்காரர் வந்தார். கடைசியில் காக் யா வந்து, முகம் வாடி, என் கையைப் பிடித்தார். "ஐயையோ!" என்று கத்தினேன். அங்கிளின் தூக்கம் கலைந்து, "வந்திட்டுதோ, தீர்வு வந்திட்டுதோ?" என்றார்.

மசாலா என்றால் மலாயில் பிரச்சினை! பிரச்சினை இருக்கிறதா என்று கேட்டவரிடம், இருக்கு, இருக்கு, நிறைய இருக்கு, இந்தியாவிலிருந்து, அம்மாவிடமிருந்து என்று கையை விரித்துக் காட்டிவிட்டு, கறிமசாலாவைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்! மானம் போன வேகத்தில் பரமேஸ் அக்காவைக் கையோடு இழுத்துக்கொண்டு மேல்வீட்டுக்கு ஓடினேன். இரண்டு பேரும் மலாயில் பேசினார்கள். பேசப் பேச அக்கா முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினார். பிறகு சொன்னார்: "ஒனக்கு ஊருல ஏகப்பட்ட பிரச்சனைன்னு நெனச்சிட்டாங்க லா. சபார்னா பொறுமையா இருன்னு அர்த்தம். பெத்த அம்மாவோடயே பிரச்சனை, ஆனாலும் இந்தப் புள்ள அழுவாம பலகாரம் சுட்டுக் கொண்டாந்து குடுக்குதேன்னு சொல்றாங்க. கூட்டாளிங்க எல்லாத்தையும் கூப்பிட்டு வாராவாரம் ஒனக்காகத் தொழுவுறாங்களாம்."

அக்கா சிரித்தார். நானும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. பதில்தான் தப்பே தவிர, பிரச்சினை நிறைய இருந்தது நிஜம்தானே? இந்த நாட்டில் அதை ஒருத்தராவது காதில் வாங்கியிருக்கிறார். என் பேரைச் சொல்லி, முகம் தெரியாத பெண்கள் கையேந்தியிருக்கிறார்கள். இது தெரியாமல் நான் வாளியில் விழும் சொட்டைப் பார்த்துக்கொண்டு ஊருக்குப் போவேன், போவேன் என்று குதித்துக்கொண்டிருந்தேன்.

காக் யா கீழே வந்து கூரையைப் பார்த்தார். "அலாமாக்! போச்சோர்!" என்று தலையில் கை வைத்தார். ஒழுகுகிறது என்று அர்த்தமாம். எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. போச்சு என்றுதானே நானும் மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். மறுநாளே குழாய்க்காரர் வந்தார். மேலே துணி துவைக்கும் இயந்திரத்தின் குழாய் கழன்றிருந்தது. அதை முடுக்கிவிட்டு, சிமெண்டைப் பூசி, மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விட்டார். மத்தியானத்துக்குள், கரூர் மாதிரியே. சண்டைதான் இல்லை. அந்தக் குறையை நான் செந்திலிடம் தீர்த்துக்கொண்டேன்: "டிக்கெட் டிக்கெட்னு ஏன் அரிக்கறீங்க? தீபாவளிக்கு மேல்வீட்டுக்காரங்க வர்றாங்க, தேங்காய் வாங்கியாங்க." அவர் தேங்காய் வாங்கப் போன வேகத்தைப் பார்க்கவேண்டுமே!

சொட்டு நின்ற பிறகு கொஞ்சநாள் தியானம் குதிரவில்லை. காது சொட்டைத் தேடியது. இப்போது அதிகாலையில் காக் யா சம்பாலுக்கு மிளகாய் இடிக்கும் சத்தம் மேலிருந்து வருகிறது. அதையே பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். அங்கிளிடம் சொன்னேன், அதுவும் தியானம்தான் என்றார். அவருக்குக் குறட்டையே தியானம்தான்.

பொங்கலுக்குக் கரூர் போனேன். விடியற்காலையில் என் பழைய அறையில் கண்ணை மூடி உட்கார்ந்தேன். வெளியே பால்காரர் மணி, யாரோ யாரையோ கூப்பிடும் சத்தம். எத்தனை மாதம் ஏங்கிய சத்தங்கள்! ஆனாலும் மனசு ஏதோ ஒன்றுக்காகக் காத்துக்கொண்டேயிருந்தது. எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா எனக்குக் கொடுத்தனுப்பப் புதிதாக மசாலா வறுத்துக்கொண்டிருந்தார்.

"போன தடவ குடுத்த மசாலாவெல்லாம் தீந்துபோச்சா கண்ணு?"

"எல்லாம் தீந்துபோச்சும்மா" என்றேன். எந்த மொழியில் கேட்டார், எந்த மொழியில் சொன்னேன் என்று எனக்கே ஒரு கணம் தெரியவில்லை.

"பேர் வெட்டின டப்பா எங்க? அதுலயே போட்டுத் தந்தர்றேன்."

"மேல்வீட்டுல இருக்குதும்மா."

அம்மா கரண்டியோடு நின்று கூரையை அண்ணாந்து பார்த்தார். எங்கள் வீட்டுக்கு மேலே வீடு கிடையாது, வெறும் மொட்டைமாடி. நானும் அண்ணாந்து பார்த்தேன். ஒரு சொட்டுகூட விழவில்லை.