நஸார் நானா ஏற்றுக்கொண்ட பிழை

பெரிய பேரன் இன்ஜினியருக்குப் படிக்கிறான். அடுத்தவள் ஆஸ்பத்திரியில் தாதி. கடைக்குட்டி புலமைப்பரிசில் பரீட்சையில் பாஸாகிவிட்டாள், நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற அதே ஐந்தாம் வகுப்பில். புளத்கொகுபிட்டிய பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவரிடம் இதையெல்லாம் சொல்லிக்கொண்டு போனபோதுதான், கோழித்தீன் கடை நஸார் நானா காலையில் மௌத்தாகிவிட்டார் என்று கண்டக்டர் சொன்னார். சாவுச் செய்தி கேட்டதும் பேரப்பிள்ளைகள் கதையை நிறுத்திவிட்டேன். இந்த வாட்ஸ்அப் குழுவில் எல்லோருக்கும் அவரைத் தெரியும். உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கோழித்தீன் கிடைக்காமல் திண்டாடிய வருடம் அது. எங்கள் தோட்டத்து லயத்துப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து புரொய்லர் கொட்டில் போட்டிருந்தோம். வாங்குகிற தீனோடு பாதிக்குப் பாதி தவிடு கலந்தோம். கோழிகள் தின்றன, வளரவில்லை. எச்சம் பசைபோல இளகி, கீழே பரப்பிய உமி சேறானது. தோட்டத்துத் துரை மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பதினஞ்சு நாள் தாரேன். நாத்தம் போகலைன்னா கொட்டில் இருக்காது."

நானா ஒரு சின்னப் பை மாவு தந்தார். "என்சைம் அக்கா. தவிட்டுல ஈக்கிற நாரைக் கோழிக்குக் கரைக்க ஏலாது. அது குடல்ல பசையாகிச் சத்தையும் புடிச்சி வெச்சிக்கும். இது அத அறுத்து உடும். சூடு மட்டும் காட்டாதீங்க."

"நான் கோழி வளக்கத் தொடங்கினப்ப நீங்க அரைக்கால் சட்டை, நானா" என்றேன். சிரித்தார்.

மழைக்காலத்தில் ஆறின தீன் போட்டால் கோழிக்குச் சளி பிடிக்கும் என்று, கொதிக்கும் தண்ணீர் ஊற்றித்தான் நான் தவிட்டைப் பிசைவேன். அந்த மாவையும் அதிலேயே போட்டேன். ஒன்பது நாளில் நாற்றம் கூடியது. பத்தாம் நாள் மற்ற நால்வரையும் கூட்டிக்கொண்டு போய், கடையில் ஆட்கள் பார்க்க, "கள்ள மாவு வித்து எங்க கொட்டிலப் பிரிக்க வைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

அவர் எங்களோடு கொட்டிலுக்கு வந்தார். தீன் தொட்டியில் கை வைத்தார். ஆவி பறந்தது. "சூட்டுல அது செத்துரும் அக்கா" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். பிறகு எட்ட நின்ற நால்வரிடமும் திரும்பி, "அது நனைஞ்ச பை. பிழை என்னோடது. வேற தாரன்" என்றார்.

நானும் அதை அப்படியே விட்டுவிட்டேன். படியிறங்கும்போது நானா என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "இன்னக்கி நீங்க அஞ்சு பேரும் சண்ட புடிச்சிப் பிரிஞ்சா, துரை வர முந்தியே கொட்டில் போயிரும்."

மிச்சம் ஐந்து நாள். அவர் தந்த புது மாவைத் தவிட்டோடு பச்சைத் தண்ணீரில் பிசைந்தேன். விடிந்ததும் குச்சியால் எச்சத்தைக் கிளறிப் பார்ப்பேன். இரண்டாம் நாளும் ஒழுகியது. நாலாம் நாள் உருண்டு நின்றது. சேற்றை அள்ளிப் போட்டு, புது உமி பரப்பினோம். துரை வந்து குனிந்து, ஒரு பிடி உமியை எடுத்து நசுக்கினார். கையைத் தட்டிவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று போய்விட்டார்.

கொட்டில் தப்பியது. நானாவின் பெயர் தப்பவில்லை. நனைந்த பை விற்றவர் என்று மேல்தோட்டத்து ஆட்கள் வேறு கடைக்குப் போனார்கள். நான் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். அவரிடம் பேச்செடுத்தால், "உடுங்க அக்கா, கோழி வளந்திச்சு தானே" என்பார்.

அவருடையது என்று என்னிடம் இருப்பது அந்த ஒரு பொய்தான். இனியும் அதை மூடி வைக்க எனக்கு மனமில்லை. குழுவில் போட்டிருப்பது அவருடைய பழைய அடையாள அட்டைப் படம். கடையில் மூட்டைகளுக்கு நடுவே நிற்கிற படம் யாரிடமாவது இருந்தால், புதிதாக அதைப் போடுங்கள். அதற்குக் கீழே, அந்தப் பை நனையவில்லை, ராமாயி ஊற்றிய சுடுதண்ணீரில்தான் கெட்டது என்று என் பெயரைப் போட்டே எழுதுங்கள்.