செத்த இரு

போன வாரம் பெருங்களத்தூரில் பஸ் நகரவே இல்லை. பண்டிகைக்கு ஊருக்குப் போகிற கூட்டம். பையை மடியில் வைத்து உட்கார்ந்ததில் இடது கால் மரத்துப்போய், என்னுடையதுதானா என்றே சந்தேகம். உதறிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அம்மா, "செத்த இருங்க சார், தானா சரியாயிடும்" என்றார். கால் சரியாகிவிட்டது. சொல் மட்டும் காதிலேயே நின்றது.

அன்வரும் நானும் ராஜகீழ்ப்பாக்கத்தில் அடுத்தடுத்த தெரு. விமானி ஆகிறோம் என்று வெளிமாநிலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்ந்திருந்தோம். மிச்சமிருந்தது இரட்டை எஞ்சின் விமானத்துக்கான சோதனை. லீவில் வந்தபோது அன்வர், திருமுடிவாக்கத்தில் அவன் அண்ணன் வைத்திருந்த பட்டறையில் இரண்டு பெடலையும், எஞ்சினுக்கு ஒன்றாக இரண்டு லீவரையும் வெல்டு செய்து கொண்டுவந்து மொட்டைமாடியில் வைத்தான். வெல்டிங் நெடி எங்கே அடித்தாலும் எனக்கு அந்த மாடிதான்.

இரண்டில் ஒரு எஞ்சின் நின்றால் விமானத்தின் மூக்கு அந்தப் பக்கம் இழுக்கும். மறுபக்கக் காலால் பெடலை மிதித்து நேராக்க வேண்டும். எந்தக் கால் சும்மா கிடக்கிறதோ, அந்தப் பக்கத்து எஞ்சின்தான் நின்றிருக்கிறது. அதன் லீவரை இழுத்து அதை முழுதாக அணைக்க வேண்டும். பதற்றத்தில் ஓடுகிற எஞ்சினை அணைத்துவிட்டால் கதை முடிந்தது. இதற்கு ஆங்கிலத்தில் 'டெட் ஃபுட், டெட் எஞ்சின்' என்று ஒரு வாய்ப்பாடு உண்டு. நாங்கள் அதைத் தமிழாக்கி, "செத்த கால், செத்த எஞ்சின்" என்று மாடியில் கத்துவோம். கீழ்வீட்டு டீச்சர் ஒருநாள் மூச்சிரைக்க ஏறிவந்து, "யாருப்பா செத்தது?" என்று கேட்டார்.

அன்வரின் அம்மா தஞ்சாவூர்ப் பக்கம். அந்த வீட்டில் இன்னொரு 'செத்த'வும் உண்டு, 'கொஞ்ச நேரம்' என்ற அர்த்தத்தில். சோறு கேட்டாலும் சட்டை கேட்டாலும் "செத்த இரு"தான்.

சோதனை அன்று முன்னால் நானும் தேர்வாளரும். பின் சீட்டில் அன்வர். அடுத்து அவன் முறை. தேர்வாளருக்குத் தமிழ் தெரியாது. லீவர்களை ஒரு வரைபடத்தால் மறைத்து, இடது எஞ்சினின் விசையைக் குறைத்தார். என் வலது கால் ஒழுங்காக மிதித்தது. கைதான், ஓடுகிற எஞ்சினின் வலது லீவருக்கே போனது. அப்போது ஹெட்செட்டில் அன்வரின் குரல், "செத்த..." என்றது. குனிந்து பார்த்தேன். சும்மா கிடந்தது இடது கால். கையை மாற்றினேன்.

இறங்கியதும் தேர்வாளர், "பின்னால் இருந்தவன் என்ன சொன்னான்?" என்று கேட்டார். நான் யோசிக்கவில்லை. "'டெட்' என்றான் சார்" என்றேன். இருவர் சோதனையும் ரத்து. நான் ஒரு மாதத்தில் மறுபடி வரலாம். விடை சொல்லிக்கொடுத்தவன் ஆறு மாதம் கழித்துத்தான் வரலாம்.

அறைக்குத் திரும்பும்போது அன்வர் சொன்னான், "மச்சான், எனக்கு வாந்தி வர்ற மாதிரி இருந்துச்சு. வாந்திப் பையைப் பிரிக்கிற வரைக்கும் செத்த இருன்னு வயித்துகிட்ட சொன்னேன். உன் கை எங்க இருந்துச்சுன்னு நான் பாக்கவே இல்ல." சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "காலைல அவர்கிட்ட போய்ச் சொல்லிடு."

நான் போகவில்லை. போனால், தப்பாகக் காதில் விழுந்ததால்தான் கை மாறியது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். கிடைத்த மறுவாய்ப்பும் போய்விடுமோ என்று பயம். வேறு காரணம் இல்லை. அன்வரும் திரும்பக் கேட்கவில்லை. ஆறு மாதம் சும்மா இருப்பானேன் என்று அண்ணன் பட்டறைக்குப் போனவன், அங்கேயே இருந்துவிட்டான். நான் தேறி, நிறைய வருஷம் பறந்தேன்.

அந்த மாடி வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். பெடல், லீவரையெல்லாம் அன்வரே வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டானாம். ரம்ஜானுக்கு நான் போன் செய்வேன், பொங்கலுக்கு அவன் செய்வான். நன்றாகத்தான் பேசுகிறான். நடுவில் பட்டறையில் யாராவது கூப்பிட்டால் மட்டும், அவன் அம்மாவின் அந்தச் சொல் வருமா என்று காத்திருப்பேன்.

"ஒரு நிமிஷம்" என்பான்.