ஊதா மையும் நூலகத்துப் பென்சிலும்

அந்த ஊர் நூலகத்துக்கு நான் வேலைக்குப் போனபோது எனக்கு இருபத்து மூன்று வயது. கீழ்வேளூரில் பஸ்ஸை விட்டு இறங்கி, வாடகை சைக்கிள் எடுத்து, ஆற்றங்கரை வழியாக ஐந்து மைல் மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் சைக்கிள் என்மேல் ஏறிக்கொள்ளும். என் அத்தா மளிகைக் கடை வைத்திருந்தார். “கடையில உக்காந்தா நீ முதலாளி. அங்க போய் உக்காந்தா புஸ்தகத்துக்கு வாட்ச்மேன்” என்று வாழ்த்தித்தான் அனுப்பினார். எனக்கு அப்போதெல்லாம் மூக்கின் மேல் கோபம். பக்கத்து முனையை மடிப்பவன், எச்சில் தொட்டுப் புரட்டுபவன், ஓரத்தில் கிறுக்குபவன், இவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட ஒரு சட்டம் வராதா என்று ஏங்கிய ஆள் நான்.

நூலகம் என்றால் ஓர் அறை, ஒரு பெஞ்சு, இரண்டு பீரோ. காலையில் கட்சிக்காரர்கள் வந்து பேப்பரைத் தாள் தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். கட்சி இரண்டாக உடைந்த பிறகு பெஞ்சின் இந்த முனையில் ஒரு கட்சி, அந்த முனையில் ஒரு கட்சி. ஒரே பேப்பரின் வேறு வேறு தாளைப் படித்துவிட்டு, எதிராளிக்கு உலக ஞானம் இல்லை என்று இரண்டு பக்கமும் சொல்லும். புத்தகத்தை மட்டும் யாரும் தொடமாட்டார்கள்.

அப்படி இருக்கும்போது ஒருநாள் தலைமை நூலகத்திலிருந்து ஒரு கட்டு வந்தது. மேலே ஒட்டியிருந்த பட்டியலில் ‘அவசியம் படிக்கப் பரிந்துரைக்கப்படும் நூல்கள்’ என்று எழுதியிருந்தது. தொழில் தொடங்குவது, எந்திரங்களைப் பராமரிப்பது, ஆலையில் ஆட்களை நிர்வகிப்பது, நேரத்தைத் திட்டமிடுவது. எங்கள் ஊரில் இருந்த ஒரே ஆலை சைக்கிள் கடை. அதிலிருந்த ஒரே எந்திரம் காற்றடிக்கும் பம்ப். இருந்தாலும் கடமை கடமைதானே. ஒரு கரும்பலகையில் பட்டியலை எழுதி வாசலில் சாய்த்து வைத்தேன். முதல் வாரம் ஓர் ஆடு வந்து பார்த்துவிட்டுப் போனது.

இரண்டாவது வாரம் பண்ணையார் வந்தார். நில உச்சவரம்புச் சட்டத்தில் அவருக்குக் கொஞ்சம் நிலம் போயிருந்தது. நாய் பேரிலும் மாட்டுப் பேரிலும் நிலத்தை எழுதித் தப்பித்தவர்கள் நிறைந்த காலம் அது. இவர் வக்கீலை நம்பி ஏமாந்துவிட்டார். போன நிலத்தைவிட, போன வேலைதான் அவரை வாட்டியது. காலையில் எழுந்தால் அதட்ட ஆளில்லை. “தொழில் ஏதாவது ஆரம்பிக்கலாம்னு இருக்கேன், தம்பி” என்று சொல்லி, நேரத்தைத் திட்டமிடும் புத்தகத்தை எடுத்துப் போனார். அவர் கையில்தான் ஊரிலேயே அதிகமாக நேரம் இருந்தது.

அவர் திருப்பிக் கொடுத்த அன்று மாலையே அதே புத்தகத்தைக் கேட்டு இன்னொருவர் வந்தார். பண்ணையாரிடம் அப்பா காலத்திலிருந்து வேலை பார்த்தவர். சங்கத்துக் கொடி பிடித்தவர். எடுக்கப்பட்ட நிலத்தில் அவருக்கு நாலு மா பட்டா கிடைத்திருந்தது. ஒரு மா என்றால் ஏக்கரில் மூன்றிலொரு பங்கு. நாலும் கடைமடையில், வாய்க்கால் முடிகிற இடத்தில். இந்தப் புத்தகம் உங்களுக்கு எதற்கு அண்ணே என்று கேட்டேன்.

“நாற்பது வருசமா என் நேரம் என்கிட்ட இருந்ததே இல்ல சார். எப்ப எந்திரிக்கணும், எப்ப கரையேறணும், எல்லாம் அவங்க சொல்லுவாங்க. இப்பத்தான் கைக்கு வந்திருக்கு. எப்படி வச்சுக்கிறதுன்னு தெரிய வேணாமா?”

அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது. ஆனால் புத்தகம் திரும்பி வந்தபோது கோபம்தான் முந்திக்கொண்டது. பண்ணையார் ஓரத்தில் ஊதா மையில் கிறுக்கியிருந்தார். அதற்குக் கீழே பென்சிலில் பதில். பென்சில், என் மேஜையில் பதிவேட்டோடு சணலில் கட்டி வைத்திருந்த பென்சில். ஒருவர் காலையில் வருவார், ஒருவர் மாலையில். வாரம் மாற்றி வாரம் புத்தகம் போய் வந்தது.

‘விடிந்ததும் அன்றைய வேலைகளைப் பட்டியலிடுங்கள்’ என்றது புத்தகம்.

ஊதா மை: ‘இதற்கு என்னிடம் ஓர் ஆள் இருந்தான்.’

பென்சில்: ‘அந்த ஆளுக்கு யார் பட்டியல் போட்டார்கள்?’

‘தொலைபேசி மணி அடித்ததும் எடுக்காதீர்கள்’ என்ற இடத்தில் ஊதா மை, ‘ஊரில் போனே இல்லை. எடுக்காமல் இருப்பது சுலபம்’ என்று கேலி செய்திருந்தது. ‘வேலைக்கு நடுவே பத்து நிமிடம் கண்ணை மூடுங்கள்’ என்ற இடத்தில் பென்சில் சொன்னது: ‘வரப்பில் கண்ணை மூடியவனை வாய்க்காலில் தள்ளினார்கள். பார்த்திருக்கிறேன்.’ அதற்கு மை, ‘அது அந்தக் காலம்.’ அடியிலேயே பென்சில், ‘போன வருஷம்.’

ரப்பரைக் கையில் எடுத்துக்கொண்டு உட்காருவேன். படிப்பேன். அடுத்த வாரம் என்ன வருகிறது பார்ப்போம் என்று ரப்பரை உள்ளே வைத்துவிடுவேன். என் சட்டப்படி முதலில் உள்ளே போகவேண்டியவன் நானாகத்தான் இருந்தேன்.

பென்சில்காரருக்கு எதிரே யார் என்று தெரியும். ஊரில் ஊதா மை வைத்திருந்தவர் ஒருவர்தான். பண்ணையாருக்குத்தான் தெரியவில்லை. நம்மிடம் வேலை செய்தவன் புத்தகம் படிப்பான் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. யாரோ ரிட்டையர்ட் வாத்தியார் என்று முடிவு கட்டி, மரியாதையாகவே எழுதினார். ‘உமக்கு என்ன தொழில்?’ ‘விவசாயம்.’ ‘எத்தனை மா?’ ‘நாலு. கடைமடை. பயிர் காய்கிறது. மேல்மடைக்காரர் தண்ணீர் விடுவதில்லை.’

அது உண்மை. மேல்மடைக்காரர் பண்ணையார்தான். நிலம் போன ஆத்திரத்தில் மடையை அடைத்து வைத்திருந்தார். நட்டு ஒரு மாதம் ஆன இளம் பயிர் நுனியிலிருந்து மஞ்சளாகிக்கொண்டு வந்தது. தண்ணீர் முறை கேட்டுப் பென்சில்காரர் மூன்று தடவை அவர் வாசலில் போய் நின்றார். மூன்று தடவையும் ஐயா இல்லை என்று பதில் வந்தது. அடுத்த வாரம் புத்தகத்தில் அதே ஐயா ஊதா மையில் எழுதியிருந்தார்: ‘பாவம். விடாதீர். மேலே நாலு நாள், கடைமடைக்கு வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று நாள். முறை கேளும். தர மறுப்பவன் மனிதனே அல்ல.’

படித்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே போய் நின்றேன்.

சிரித்து முடிப்பதற்குள் தபால் வந்தது. திங்கட்கிழமை அதிகாரி ஆய்வுக்கு வருகிறார். எனக்கு இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் ரப்பரை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை அழித்துத் தள்ளினேன். பென்சில் எழுத்து சொன்னபடி கேட்டது. ஊதா மை அசையவில்லை. பிளேடால் சுரண்டிப் பார்த்தேன், தாள் ஓட்டையானது. அப்படியே விட்டுவிட்டேன். பார்க்கிறவர்களுக்குப் பண்ணையார் ஒருவரே கேள்வியும் கேட்டுப் பதிலுக்கும் கோபப்பட்டதுபோல இருந்தது.

மாலையில் பென்சில்காரர் வந்தார். ஊதா மையின் பதிலை இரண்டு நாள் முன்பே பெஞ்சில் உட்கார்ந்து படித்திருந்தார். தாலுகா ஆபீசில் தண்ணீருக்குச் சமாதானப் பேச்சு வைத்திருக்கிறார்கள், புத்தகத்தை அங்கே கொண்டுபோய்ப் பண்ணையார் கையெழுத்தை அவருக்கே காட்டப் போகிறேன் என்றார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். பக்கங்களைப் புரட்டினார். இன்னொரு தடவை புரட்டினார்.

“மையில எழுதுனவருக்கு ஒண்ணும் ஆகல. பென்சில்ல எழுதுனவன்தான் போயிட்டான், இல்ல சார்?” என்று கேட்டார். “இனிமே இதக் காட்டுனா, எவனுக்கோ எழுதுனேன்னு சொல்லிட்டுப் போயிடுவாரு.”

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். அவர் திட்டவில்லை. புத்தகத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். அவர் நேரம் அவர் கைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் அவர் எழுதியதை நான் துடைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பண்ணையார் வந்து புத்தகத்தைத் திறந்தார். பதறிவிட்டார்.

“யாருய்யா இத அழிச்சது? அவரே அழிச்சிட்டாரா? போன வாரம் நான் பாவம்னு எழுதுனதுல கோவிச்சுக்கிட்டாரா? ஆளு யாருன்னு சொல்லுங்க தம்பி. வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு காபி குடுத்துப் பேசணும்.”

“அவர் உங்க வீட்டு வாசலுக்கு மூணு தடவை வந்துட்டாருங்க ஐயா. நீங்கதான் இல்லைன்னு சொல்லச் சொன்னீங்க.”

கொஞ்ச நேரம் அவருக்குப் புரியவில்லை. புரிந்ததும், எழுந்து, குடையை மறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார். போச்சு, நாளைக்கு ஊரில் அடிதடி என்று நினைத்தேன்.

மாலையில் பென்சில்காரர் பெஞ்சில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் பண்ணையார் வந்து நின்றார். மாலையில் அவர் வந்ததே இல்லை. பென்சில்காரர் பழக்கத்தில் பாதி எழுந்தார், பிறகு யோசித்து உட்கார்ந்துவிட்டார். பண்ணையார் பீரோவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

“தம்பி, அந்த நாலு மாக்காரர் வந்திருக்காரான்னு கேளுங்க.”

இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றடி தூரம்.

“வந்திருக்காருங்க ஐயா.”

“சார், மேல்மடைக்காரர் முறை விடுவாரான்னு கேளுங்க.”

“எழுதுனபடி மூணு நாளுன்னு சொல்லுங்க தம்பி.”

“யாருன்னு தெரியாம எழுதிட்டாரே. இப்பத் தெரிஞ்ச பிறகும் அதேதானான்னு கேளுங்க சார்.”

பண்ணையார் பீரோவிலிருந்து திரும்பினார். முதல் தடவையாகப் பென்சில்காரர் முகத்தை நேரே பார்த்தார்.

“தெரியாம எழுதுனதுதான்யா சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

திங்கட்கிழமை அதிகாரி வரவேயில்லை. வியாழக்கிழமை நான் சைக்கிளில் வரும்போது கடைமடை வாய்க்காலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் போகம் நாலு மாவும் நன்றாகவே விளைந்தது.

பண்ணையார் பிறகு நூலகத்துக்கு வரவில்லை. வீட்டுக்கே புத்தகம் கொண்டு போனேன், கண் சரியில்லை என்று திருப்பி அனுப்பினார். பென்சில்காரர் தலைமை நூலகம் அனுப்பியதில் மிச்சமிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். ஒவ்வொன்றிலும் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி, கீழே இடம் விட்டுக் கொடுப்பார். நான் எதையும் அழிக்கவில்லை. திருப்பிக் கொடுத்த புத்தகத்தை அடுத்த வாரம் மறுபடி வாங்கி, அந்த இடத்தைத் தடவிப் பார்ப்பார்.

“தண்ணி குடுத்துட்டாரு சார்” என்றார் ஒருநாள். “பதில்தான் குடுக்க மாட்டேங்கிறாரு.”