இஸ்திரி போட்ட கந்தல்

பெருவெள்ளம் வடிந்த நாலாம் நாள், முடிச்சூரில் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் வரிசையில் நின்று ஒரு நிவாரணப் பையை வாங்கினேன். எங்கள் வாடகை வீடு தரைத்தளத்தில் இருந்தது. கழுத்தளவு தண்ணீர் வந்து போன பிறகு மிஞ்சியது, உடம்பில் இருந்த துணியும் கணவரின் டிரைவிங் லைசென்ஸும்தான். எட்டாவது படித்துக்கொண்டிருந்த மகள் பக்கத்தில் நின்றாள். நாலு நாளாக அவளுக்கு மாற்றுத்துணி இல்லை.

பையைப் பிரித்தோம். அக்குளில் கிழிந்த சுடிதார் டாப், ஜிப் இல்லாத ஜீன்ஸ், யாரோ போட்டுப் பழுப்பேறிய உள்ளாடை இரண்டு, தேதி முடிந்துபோன பால் பவுடர். வேறு பை கிடைக்குமா என்று கேட்டேன். கழுத்தில் அடையாள அட்டையும் தலையில் ஏற்றிவிட்ட கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற பெண் எனக்குப் பதில் சொல்லவில்லை. தன் தோழியைப் பார்த்துச் சொன்னாள்: "தான மாட்டைப் பல்லைப் புடிச்சுப் பாக்கறா பாரு."

இருவரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்ற சிலரும், தங்களுக்குப் பை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில், சேர்ந்து சிரித்தார்கள். மகள் என் கையை விட்டுவிட்டுத் தனியாக முன்னால் நடந்தாள்.

அந்த முகத்தை நான் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். இடது புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். சிரிக்கும்போது மேலுதடு மட்டும் ஏறும்.

சில வருடங்களுக்குப் பிறகு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு சிறிய அறக்கட்டளையில் வேலைக்குச் சேர்ந்தேன். வருமானம் போதாத குடும்பங்களுக்கு மாதாமாதம் அரிசி, பருப்பு, எண்ணெய் கொடுப்பார்கள். நன்கொடையாக வரும் துணிமணிகளைப் பிரித்து அடுக்குவது என் வேலை. சேவை மனப்பான்மையில் சேர்ந்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், அந்தப் பையைப் போன்ற ஒன்று என் கையைத் தாண்டிப் போகக்கூடாது என்ற வெறியில் சேர்ந்தேன்.

போன வருடம் பொங்கலுக்கு இரண்டு வாரம் முன்னால் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பெருங்களத்தூரில் ஒரு பெரிய அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளர் இறங்கினாள். புருவத்துக்கு மேல் மச்சம். அவளுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. பின்னால் வந்த வண்டியிலிருந்து பதினாலு மூட்டைகளை இறக்கச் சொல்லி, அவற்றின் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்னோடு வேலை செய்த பெண்தான் முதல் மூட்டையை அவிழ்த்தாள். "இன்னாக்கா இது, குப்பைத்தொட்டிய கவுத்து மூட்ட கட்டிக்கீறாங்க!"

ஓட்டை பனியன், பிடரி கிழிந்த சட்டை, ஒற்றைக் காலுறைகள், எலாஸ்டிக் போன உள்பாவாடை, பாதி குடித்த இருமல் மருந்து, பூச்சி ஊர்ந்த ஓட்ஸ். பதினாலு மூட்டையில் ஒரு மூட்டைக்குக்கூட நல்ல துணி தேறவில்லை.

அறக்கட்டளையை நடத்தும் சார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசமாட்டார். "விடும்மா. மாசாமாசம் எண்ணெய் அவங்கதான் தர்றாங்க. பொங்கல் விழாவுக்கு நம்மள ஸ்டால் போடச் சொல்லியிருக்காங்க. 'உங்கள் நன்கொடை எங்கே போகிறது'ன்னு. அதுக்கு மட்டும் ஏதாவது நல்லதா ரெடி பண்ணு" என்றார்.

ஸ்டால் என்ற வார்த்தையைக் கேட்டதுமே முடிவு செய்துவிட்டேன்.

மூட்டைகளில் மூன்றை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஊறவைத்து, அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, மொட்டைமாடியில் காயவைத்தேன். கிழிசல் ஒன்றைக்கூடத் தைக்கவில்லை. ஒவ்வொன்றையும் மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டேன். வேலையிலிருந்து வந்த மகள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"யாரும்மா, அந்த ஸ்கூல்ல சிரிச்சாங்களே, அவங்களா?"

"ஆமா."

அட்டைகளையும் ஸ்கெட்ச் பேனாவையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் கையெழுத்து அழகாக இருக்கும்.

விழா அன்று ஜி.எஸ்.டி. ரோட்டில் ஊருக்குப் போகிற கூட்டம். சார் வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டது. எனக்கு அது வசதியாகப் போயிற்று. குடியிருப்பின் பார்ட்டி ஹாலில் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, கிளிப் போட்டு எல்லாவற்றையும் மாட்டினேன். ஒவ்வொன்றின் கீழும் மகள் எழுதிய அட்டை. ஓட்டை பனியனுக்குக் கீழே, "வேலை தேடிப் போகும் அப்பாவுக்கு." முதுகு கிழிந்த நைட்டிக்குக் கீழே, "பிரசவத்துக்குப் போகும் பெண்ணுக்கு." ஓட்ஸ் டப்பாவுக்கு முன்னால், "பசிக்கும் குழந்தைக்கு."

பட்டுப்புடவைகள் உள்ளே வந்தன. முதலில் யாருக்கும் புரியவில்லை. ஒரு பெரியவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "இது நம்ம பனியன் இல்ல?" என்று மனைவியிடம் சத்தமாகவே கேட்டுவிட்டார். அந்த அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். பிறகு ஒவ்வொரு முகமாகத் தன் துணியைக் கண்டுபிடித்துத் தலை குனிந்தது. நான் ஒன்றைக்கூடத் தவறவிடாமல் பார்த்தேன்.

செயலாளர் வேகமாக வந்தாள். "என்ன இதெல்லாம்? யாரு பர்மிஷன் குடுத்தது?"

"நீங்க அனுப்பினதுதான் மேடம். துவைச்சு இஸ்திரி போட்டிருக்கோம்."

"வேணாம்னா தூக்கிப் போட்டிருக்கலாமே!"

"அதுக்குத்தான மேடம் எங்ககிட்ட அனுப்பினீங்க?"

அவள் முகம் சிவந்தது. நான் கிட்டே போய், முடிச்சூர் பள்ளிக்கூடத்தையும் அவள் சொன்ன பழமொழியையும் ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். அந்த நேரத்துக்காகத்தான் இத்தனை வருடம் காத்திருந்தேன்.

"எந்த ஸ்கூல்?" என்றாள். "ஃப்ளட் டைம்ல நான் எத்தனையோ எடத்துல குடுத்தேன்."

அவள் நடிக்கவில்லை. நிஜமாகவே நினைவில்லை. எனக்கு அதுதான் இன்னும் ஆத்திரமாக இருந்தது. கயிற்றிலிருந்து எதையும் கழற்றாமல், எல்லாவற்றையும் அவர்களுக்கே விட்டுவிட்டு வந்தேன்.

அந்த மாதம் எண்ணெய் வரவில்லை. மன்னிப்புக் கடிதம் எழுதித் தரச் சொல்லி சார் இரண்டு முறை கேட்டார். மாட்டேன் என்றேன். அவருக்கு வருத்தம்தான், ஆனாலும் என்னை அனுப்பிவிடவில்லை.

இட்லிக்கடை போட்டுப் பிழைக்கும் ஓர் அக்கா எங்களிடம் வாங்கிய மாதப் பையைத் துழாவிவிட்டு, "எண்ணெ எங்க?" என்றார். நடந்ததைச் சொன்னேன். வாய்விட்டுச் சிரித்தார். "நல்லாத்தான் பண்ணிக்கீற. ஆனா நான் வடைய இன்னாத்துல சுடறது, சொல்லு?"

மறுநாள் என் சமையலறையில் இருந்த பாக்கெட்டை அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். மற்ற வீடுகளுக்குக் கொடுக்க என்னிடம் இல்லை. அந்த உறுத்தல் இருக்கிறது. அதற்காகச் செய்ததை மாற்றிச் செய்திருப்பேனா என்று கேட்டால், மாட்டேன். மூன்றாவது மாதம் அதே குடியிருப்பிலிருந்து சில வீட்டுக்காரர்கள், செயலாளருக்குச் சொல்லாமல், எண்ணெயைத் தாங்களே கொண்டுவந்து இறக்கினார்கள்.

ஆடி மாதம் அங்கே சங்கத் தேர்தல் நடந்தது. அவள் நின்று தோற்றுப்போனாள் என்று அந்தக் குடியிருப்பின் செக்யூரிட்டி அண்ணன் பஸ் நிறுத்தத்தில் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முந்திரியைத் தாராளமாக வறுத்துப் போட்டுக் கேசரி கிளறினேன்.

"என்ன விசேஷம்?" என்றார் கணவர்.

"சும்மாதான்" என்றேன். மகள் மட்டும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.