கிலோமீட்டர் சாருக்கு எத்தனை மணி நேரம்?

நூலின் ஒரு நுனியைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறு நுனியை உலக உருண்டையின்மேல் விறைப்பாக இழுக்கிறார். எதிரே உட்கார்ந்திருக்கும் பெண் கேட்டது டிக்கெட் மட்டும்தான். "இருங்க மேடம், எவ்ளோ தூரம்னே தெரியாம எப்படிப் போவீங்க?" என்று அவளையும் ஒரு நுனியைப் பிடிக்க வைத்துவிட்டார்.

எங்கள் டிராவல்ஸில் அவருக்குக் கிலோமீட்டர் சார் என்று பெயர். எனக்கு அடுத்த மேஜை. எந்த இரண்டு ஊரைச் சொன்னாலும் தூரமும் நேரமும் நாக்கு நுனியில் இருக்கும். கம்ப்யூட்டர் காட்டும் எண்ணையும் நூல் வைத்துச் சரிபார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்வார். சுவரில் தொங்கும் தட்டை வரைபடம் அவருக்கு ஜென்ம விரோதி. "அதுல நேராப் போற மாதிரி தெரியும். சுத்தப் பொய்! விமானம் வடக்குப் பக்கமா வளைஞ்சு போகும், அதான் குறுக்கு வழி." போகப் பத்தரை மணி நேரம், வர ஒன்பதரை என்றால், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது என்று விளக்காமல் ஆளை விடமாட்டார்.

இத்தனை பேரை ஏற்றிவிட்ட மனிதர் இதுவரை விமானத்தில் கால் வைத்ததில்லை. பயம். அதை ஒப்புக்கொள்ள மட்டும் வாய் வராது.

சிக்கல் என்னவென்றால், அவருடைய மகள் இருப்பது எட்டாயிரத்து நூறு கிலோமீட்டருக்கு அப்பால். பேத்திக்கு இரண்டு வயது முடியப்போகிறது. தாத்தா என்றால் கைபேசிக்குள் தெரியும் ஒரு பெரிய மூக்கு என்றே அது நினைத்துக்கொண்டிருக்கிறது. பாவமாக இருக்கும். கிளம்பலாம் என்று மனைவி நச்சரிக்கும்போதெல்லாம் வீட்டில் ஒரு புது நேரம் பிறக்கும். முதலில் இருபது மணி நேரம் என்றார். போன வருடம் அது முப்பதானது. போன மாதம், "ரெண்டு நாள் ஆகும்மா, உன் முட்டி தாங்காது" என்று காது குத்தியிருக்கிறார். அந்த ஊர் நகர்ந்துகொண்டே போகிறதா என்று ஒருநாள் அந்த அம்மாள் என்னிடமே கேட்டார். நான் சிரித்த சிரிப்பிலேயே அவருக்கு விஷயம் விளங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை அலுவலகத் தொலைபேசி அடித்தது. கையில் நூல் இருப்பதால் சார் எப்போதும் ஸ்பீக்கரில்தான் பேசுவார். மூக்கடைத்த ஒரு பெண் குரல், மகள் இருக்கும் அதே ஊரைச் சொல்லி, எவ்வளவு நேரமாகும் என்று கேட்டது.

"பத்தரை மணி நேரம்தாங்க! சாப்பிட்டு ஒரு தூக்கம் போட்டா ஊர் வந்துடும்."

"எனக்கு முட்டி வலி இருக்கே, தம்பி."

"அதனால என்ன? ஓரத்து சீட்டா போட்டுத் தரேன். அப்பப்ப எழுந்து நடங்க."

"எங்க வீட்டுக்காரருக்குக் கொஞ்சம் பயம்..."

"பயமா!" சார் சத்தமாகச் சிரித்தார். "வீட்டு மாடிப்படி இறங்குறதவிட இது பத்திரம்னு சொல்லுங்க. சின்னக் குழந்தைங்களே போகுது!"

மூக்கடைப்பு சட்டென்று நீங்கி, அவர் மனைவியின் சொந்தக் குரல் வந்தது. "அப்ப ரெண்டு பேருக்கும் போட்டுடுங்க. உங்க பேரை நான் சொல்லணுமாங்க, நீங்களே அடிச்சுக்குவீங்களா?"

அலுவலகமே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. ஒற்றை விரலால் முதலில் மனைவியின் பெயரை அடித்தார். வெகுநேரம் கழித்துத் தன் பெயரை. கடைசிப் பொத்தானைத் தட்டியதும் கண்களை இறுக மூடிக்கொண்டு, தரையில் அசையாமல் நின்றிருந்த நாற்காலியின் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.